எருமை சொன்ன மீதி

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டே கால் மணிக்கு எருமை தன் வேலையை முடித்தது. விபிசோனோ அப்போது கடையின் முன்பக்கத்தில் ஒரு பிரிண்டரின் வயிற்றைத் திறந்துவைத்து, உருளையில் சிக்கிய காகிதத்தை இடுக்கியால் இழுத்துக்கொண்டிருந்தார். பின்னறையில் விசிறிச் சத்தம் சட்டென்று தணிந்தது. பதினாறு நாளாக விடாமல் கேட்ட சத்தம். அது தணிந்தால் இரண்டில் ஒன்று. மின்சாரம் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு முடிந்திருக்க வேண்டும். தலைக்கு மேல் குழல்விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். திரையில் எப்போதும் ஓடும் வரிகளுக்குக் கீழே ஒரே ஒரு வரி புதிதாக நின்றது. மீதி கழித்தல் ஒன்று, எனவே இது பகா எண் என்று அந்த வரி சொன்னது.

எட்டு வருடமாக இப்படி ஒரு வரிக்காகக் காத்திருந்தவர் குதித்திருக்க வேண்டும். அவரோ வெளியே யாராவது கவனித்தார்களா என்று எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ் போட்டார். ஸ்டூலை இழுத்து எருமைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"மறுபடியும் என்னை மாட்டிவிடப் போறியா?" என்று அதனிடமே கேட்டார்.

எருமை என்பது பின்னறையில் நான்கு செங்கல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பழைய கணினி. ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்டது. மெதுவாக ஓடும், சூடாகும், ஆனால் நிற்காது. அதனால்தான் அந்தப் பெயர். பக்கத்தில் இருப்பது குதிரை. கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர் வேண்டாம் என்று தள்ளிய பாகங்களைக் கோத்து அவரே செய்தது. எருமையைவிட வேகம், கொஞ்சம் முரடு.

விபிசோனோவுக்கு நாற்பத்தாறு வயது. சலத்திகா என்ற மலையடிவார ஊரில் கணினியும் பிரிண்டரும் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அப்பா மினிபஸ் ஓட்டியவர். செமராங் நகரத்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்து இரண்டு வருடம் படித்தார், அப்புறம் அப்பா படுத்துவிட்டதால் திரும்பி வந்தார். கையில் பட்டம் இல்லை. ஆனால் எண்கள் மேல் இருந்த ஆசை மட்டும் விடவில்லை. உலகத்தில் பல ஊர்களில் சாதாரண மனிதர்கள் தங்கள் வீட்டுக் கணினியில் பெரிய பகா எண்களைத் தேடுகிறார்கள் என்று ஒரு நாள் படித்தார். அன்றைக்கே சேர்ந்துகொண்டார். அங்கே யாரும் யாரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை. மீதி சரியாக வந்தால் போதும். அது அவருக்குப் பிடித்திருந்தது.

அவர் தேடும் எண்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சின்னதாக ஓர் ஒற்றைப்படை எண்ணை எடுத்து, அதை இரட்டித்து, அந்த விடையை இரட்டித்து, இப்படியே நாற்பது லட்சம் முறை போய், கடைசியில் ஒன்று கூட்ட வேண்டும். வருகிற எண்ணுக்குப் பன்னிரண்டு லட்சம் இலக்கங்கள். அதை ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு சிறு எண்ணில் தொடங்கி, பெருக்கி, வர்க்கமாக்கி, நம் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அதை மறுபடி வர்க்கமாக்கி வகுத்து, மறுபடி மீதியை எடுத்து, நாற்பது லட்சம் முறை செய்ய வேண்டும். முடிவில் சரியாக வகுபட ஒன்றே ஒன்று குறைந்தால், அதாவது மீதி கழித்தல் ஒன்று என்று வந்தால், அது பகா எண். இருக்கலாம் என்ற பேச்சே இல்லை, நிரூபணம் ஆன விஷயம்.

ஒரே நிபந்தனை, நாற்பது லட்சம் படியில் ஒரு படிகூடத் தவறியிருக்கக் கூடாது.

அங்கேதான் விபிசோனோவுக்குப் பயம். எட்டு வருடத்துக்கு முன்பும் இதே எருமைதான் அவரிடம் பகா எண் என்று சொன்னது.

அப்போது அவர் வேறொரு சோதனை ஓட்டினார். அதில் முடிவில் மீதி ஒன்று என்று வர வேண்டும். வந்தது. இந்த எண் வேட்டைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எண் கிடைத்ததும் வாயைத் திறக்கக் கூடாது. வேறொரு கணினியில் முதலிலிருந்து மறுபடி ஓட்டி, மீதி ஒத்துப்போன பிறகுதான் பெரிய பகா எண்களின் உலகப் பட்டியலில் சேர்க்கச் சொல்ல வேண்டும். விபிசோனோவுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாளே தெருவைக் கூப்பிட்டு விருந்து வைத்தார். மனைவி மூர்தினி மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து, சுற்றிலும் வறுத்த கோழியும் முட்டையும் வைத்தாள். தெருத் தலைவர் துஆ ஓதி இறைவனிடம் வேண்டினார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் வந்து எருமையோடு சேர்த்து அவரைப் படம் எடுத்துப் போட்டான்.

பதினோராம் நாள், பிலிப்பைன்ஸில் இலோய்லோ என்ற ஊரிலிருந்து மிலாக்ரோஸ் என்ற அம்மாள் ஒரு வரி எழுதினார். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், வேட்டைக்காரர்களில் பெரிய கை. உங்கள் எண் இந்தப் பதினைந்து இலக்க எண்ணால் மீதியில்லாமல் வகுபடுகிறதே, பார்த்தீர்களா?

வகுபட்டது. அப்புறம்தான் விபிசோனோ எருமையின் பழைய கோப்புகளைத் தோண்டினார். கணக்கின் நடுவில் ஒரு நாள் மின்சாரம் போயிருந்தது. அது திரும்பி வந்தபோது சேமித்த கோப்பு கெட்டு, மீதி இருந்த இடத்தில் வெறும் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒன்றை வர்க்கமாக்கினால் ஒன்று. அதை மறுபடி வர்க்கமாக்கினாலும் ஒன்று. எருமை ஐந்து நாள் விடாமல் ஒன்றை ஒன்றால் பெருக்கிவிட்டு, முடிவில் ஒன்று என்று உண்மையாகச் சொல்லியிருந்தது.

அதிலிருந்து வேட்டைக்காரர்கள் யாராவது அவசரப்பட்டால், "மஞ்சள் சோறு ஆக்கிட்டீங்களா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தெருவிலோ இன்னும் மோசம். பக்கத்தில் டயருக்குப் பஞ்சர் ஒட்டும் தார்யோனோவுக்கு எண் தெரியாது, வகுத்தல் தெரியாது. ஆனால் பகா எண் என்றால் வேறு எண்களால் பிரியாது, இது பிரிந்துவிட்டது என்பது மட்டும் எப்படியோ காதில் விழுந்துவிட்டது. எட்டு வருடமாக அவன் விட்டபாடில்லை. பேருக்கு முன்னால் மரியாதைக்கு 'பாக்' போட்டுக்கொண்டேதான் கேட்பான்.

"என்ன பாக் விபி, உங்க எண்ணு சவுக்கியமா? அதுக்குப் புள்ள குட்டியெல்லாம் இருக்காமே, நீங்க கன்னின்னு சொல்லிக் கட்டிவச்சீங்க!"

இன்னொரு முறை தவறினால் வேட்டைக்காரர்கள் நடுவில் அவர் பெயருக்கு மதிப்பு இருக்காது. அவர் சொல்லும் எந்த மீதியையும் யாரும் நம்ப மாட்டார்கள். படிப்பு இல்லாத ஒருவனுக்கு அந்த வேலையில் இருந்த ஒரே சொத்து அவன் சொல்லும் மீதிதான்.

அதனால் இந்த முறை வழக்கப்படி செய்வது என்று முடிவெடுத்தார். யாரிடமும் பேச்சில்லை. குதிரையில் அதே கணக்கை முதலிலிருந்து தொடங்கினார். எருமை ஒவ்வொரு லட்சம் படிக்கும் தன் மீதியின் கடைசியில், எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து வரும் பதினாறு குறிகளைப் பதிந்து வைத்திருந்தது. அவற்றை ஒரு நோட்டில் இடது பக்கம் பென்சிலால் எழுதினார். வலது பக்கத்தைக் குதிரைக்காகக் காலியாக விட்டார். இரண்டும் கடைசி வரை ஒத்துப்போனால் வாயைத் திறக்கலாம்.

ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு வேட்டைக்காரரும் தனக்கென்று சில எண்களை ஒதுக்கி வாங்கிக்கொள்வார். ஒதுக்கியதில் மற்றவர் கை வைப்பதில்லை. ஆனால் அதற்குக் கெடு உண்டு. கெடு முடிந்தால் எண் பொதுவாகிவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துச் சோதிக்கலாம், கிடைத்தால் அவர் பெயர்தான் ஏறும். விபிசோனோ ஏற்கெனவே இரண்டு முறை கெடு நீட்டி வாங்கியிருந்தார். மூன்றாவது கிடையாது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. குதிரை ஒரு நாளில் நான்கு லட்சம் படி ஓடும். கணக்குப் போட்டால் சரியாக வெள்ளிக்கிழமைதான் முடியும்.

அது மழை மாதம் வேறு.

புதன்கிழமையிலிருந்து மெர்பாபு மலைப் பக்கம் மேகம் கறுத்தாலே விபிசோனோ கடையை விட்டு எழுந்துவிடுவார். இடி எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்று விரலில் எண்ணுவார். குதிரையின் பக்கவாட்டில் கையை வைத்துச் சூடு பார்ப்பார். வாடிக்கையாளர் ஒருத்தி தன் மகளின் பரீட்சைக் கட்டுரை உள்ளே இருக்கிறது, எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு, "ஏழு லட்சம் ஆயிடுச்சு" என்றார். அந்தப் பெண் விலையைச் சொல்கிறார் என்று பயந்து கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மின்சாரம் போனது. பன்னிரண்டு மணி நேரம் வரவில்லை. போன மின்சாரத்தைவிடத் திரும்பி வரப்போகும் மின்சாரம்தான் அவருக்குப் பயம். வந்தவுடன் கோப்பைத் திறந்து, உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. நல்ல நீளமான மீதிதான் இருந்தது. ஆனால் அரை நாள் போய்விட்டது. இனி சனிக்கிழமைதான் முடியும்.

மூர்தினி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஊர் வழக்கப்படி புருஷனை 'மாஸ்', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள்.

"மாஸ், மூணு நாளா சோறு இறங்கல. சாப்பாட்ட அளையிறீங்க. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. வாயு."

"வாயுவுக்கு ஏன் பின்னறையப் பூட்டணும்? உள்ளே யாரையாவது வச்சிருக்கீங்களா?"

"இந்த வயசுல எனக்கு யாரு வருவா?"

"அதான் நானும் யோசிச்சேன். நீங்க செருப்பக்கூட ஜோடி மாத்திப் போட்டுட்டுத் திரியிறீங்க. உங்களுக்கு யாரு?" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

திங்கட்கிழமை காலை குதிரை இருபத்தொரு லட்சத்தைத் தாண்டியது. அதுவரைக்கும் நோட்டின் இரண்டு பக்கமும் ஒரு குறி விடாமல் ஒத்திருந்தது. விபிசோனோவுக்கு நம்பிக்கை வந்தது. நம்பிக்கையோடு அவசரமும் வந்தது. சனிக்கிழமையை எப்படியாவது வியாழக்கிழமை ஆக்கிவிட வேண்டும். குதிரையை ஒரு நிமிடம் நிறுத்தி, அதன் ஓட்டத்தை அனுமதித்த அளவுக்கு மேல் கொஞ்சம் ஏற்றிவைத்தார். விசிறி விமானம் மாதிரி இரைந்தது. மூடியைக் கழற்றிவிட்டு எதிரே மேசை விசிறியை வைத்தார். தொழில் தெரிந்தவர், இதைப் பலமுறை செய்திருக்கிறார்.

மத்தியானம் ஒரு மணிக்கு இருபத்து இரண்டு லட்சம் வந்தது. நோட்டைப் பிரித்து, பென்சிலை எடுத்து, குறிகளை எழுதத் தொடங்கினார். இடது பக்கம் ஏழு, சி, நான்கு, ஒன்பது என்று தொடங்கியது. திரையில் பி, இரண்டு, இரண்டு, ஈ.

வரியை மாற்றிப் படித்துவிட்டோமோ என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தார். வரி சரிதான். பதினாறு குறியில் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை.

இரண்டில் ஒன்று தவறிவிட்டது. எது என்று அவருக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. எருமைதான். எட்டு வருடத்துக்கு முன்பு மானத்தை வாங்கியதும் அதுதானே. பென்சிலைக் கீழே வைத்தார். குதிரையை நிறுத்தினார். ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே தார்யோனோ, "பாக் விபி! கடையத் திறந்து போட்டுட்டு எங்க போனீங்க? யாராவது உங்க எண்ணைத் தூக்கிட்டுப் போயிடப் போறாங்க!" என்று கத்தினான். மறுபடி முதலிலிருந்து ஓட்ட நாள் இல்லை. வெள்ளிக்கிழமை கெடு முடியும். அப்படியே விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. எதுவும் நடக்காத மாதிரி பிரிண்டர் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

அன்று சாப்பிடவே இல்லை. மறுநாள் காலை மூர்தினி ஒரு தட்டு கிளேபோனைக் கொண்டுவந்து பின்னறைக் கதவைக் காலால் தட்டினாள். தேங்காய்ப்பூவில் புரட்டி உள்ளே பனைவெல்லம் வைத்த பச்சை அரிசிமாவு உருண்டை. அவருக்கு உயிர்.

"திறங்க. இல்லன்னா தார்யோனோவக் கூப்பிட்டு ஸ்பேனரால திறக்கச் சொல்லுவேன்."

திறந்தார். அவள் உள்ளே சுற்றிப் பார்த்தாள். இரண்டு கணினி, ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல். மூடி இல்லாத குதிரையை உற்றுப் பார்த்தாள்.

"மறுபடியும் எண்ணா?"

தலையை ஆட்டினார்.

"கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சுது. போயிடுச்சு."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அன்னைக்கு அடுப்படியில நின்னு மஞ்சள் சோறு ஆக்கினது நான். நாலு தெருவுக்குப் பதில் சொன்னதும் நான்."

அந்தப் பேச்சு அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தட்டை இழுத்துக்கொண்டார். பதின்மூன்று உருண்டைகளை எண்ணி மேசையில் வைத்தார்.

"பதிமூணுன்னு வச்சுக்க. மூணை இரட்டிச்சா ஆறு. அத இரட்டிச்சா பன்னெண்டு. ஒண்ணு கூட்டினா பதிமூணு. என் எண்ணும் இதே ஜாதிதான், ரொம்பப் பெரிசு, அவ்வளவுதான். இப்ப ரெண்டை மூணு தடவை பெருக்கு."

"எட்டு."

"எட்டெட்டு?"

"அறுபத்தி நாலு."

"அஞ்சு பதிமூணு அறுபத்தஞ்சு. அறுபத்தி நாலுல ஒண்ணு குறையுது பாரு. அந்த ஒண்ணு குறைஞ்சா பகா எண். இன்னொரு வேடிக்கை, இந்த ஜாதிப் பகா எண்ணை ரெண்டு சதுரமாப் பிரிச்சு அடுக்கலாம். ஒரே ஒரு விதமாத்தான் முடியும்." ஒன்பது உருண்டைகளை மூன்று மூன்றாக ஒரு சதுரமாக அடுக்கினார். மீதி நான்கை இரண்டு இரண்டாக வைத்தார். "என் எண்ணுக்கும் அப்படி ரெண்டு சதுரம் எங்கேயோ இருக்கும். இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்ல. பகா எண்ணா இருந்தா."

மூர்தினி சின்னச் சதுரத்திலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "சரி. உங்க எண்ணுல அந்த ஒண்ணு குறைஞ்சுதா?"

"எருமை குறையுதுன்னு சொல்லிச்சு. ஆனா இருபத்தி ரெண்டாவது லட்சத்துல எருமையும் குதிரையும் வேற வேற சொல்லுது. எருமை அங்கேயே வழி தவறியிருக்கு."

"தவறின பிறகு எவ்வளவு தூரம் போச்சு?"

"இன்னும் பதினெட்டு லட்சம் படி."

"போயி, கடைசியில சரியா அந்த ஒண்ணு குறையற இடத்துக்கு வந்துடுச்சா?"

"வந்துச்சு."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "எங்க அக்கா வீடு போயோலாலியில. ஒருத்தன் இங்க பஸ் ஸ்டாண்டுல தப்பா அம்பராவா பஸ்ல ஏறிட்டான்னு வைங்க. அது எதிர்ப் பக்கம். இறங்கி, கண்ட கண்ட பஸ்ஸெல்லாம் மாறி ஏறி, கடைசியில எங்க அக்கா அடுப்படியில அவ சோறு போடற நேரத்துக்குப் போய் உக்காருவானா?"

விபிசோனோ எடுத்த உருண்டையைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"அன்னைக்கு மட்டும் எப்படிச் சரியா வந்துச்சாம்?" என்று அவள் கேட்டாள்.

"அன்னைக்கு நடுவுலயே ஒண்ணுல மாட்டிக்கிச்சு. ஒண்ணோட வர்க்கம் ஒண்ணு. நகரவே இல்ல. அந்தச் சோதனையில ஒண்ணு வந்தாலே பாஸ்." சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். "ஆனா இதுல கழித்தல் ஒண்ணு வரணும். ஒண்ணுல மாட்டினது எத்தனை தடவை வர்க்கம் பண்ணினாலும் கழித்தல் ஒண்ணா ஆகாது. பூஜ்யத்துல மாட்டினா பூஜ்யம். வேற எங்க தவறினாலும் பன்னெண்டு லட்சம் இலக்கத்துக்குள்ள எங்கேயாவது போய் நிக்கும். சரியா இந்த இடத்துல வந்து நிக்க வழியே இல்ல. மூர்தினி, எருமை தவறல. தவறியிருந்தா இங்க வந்திருக்கவே முடியாது."

"அப்ப அம்பராவா பஸ்ல ஏறினது யாரு?"

இருவரும் மூடி கழற்றிய குதிரையைப் பார்த்தார்கள். எதிரே மேசை விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை, இருபத்தொரு லட்சத்துக்குப் பிறகு, தன் கையாலேயே அதை விரட்டியது நினைவுக்கு வந்தது. தொழில் தெரிந்தவன் செய்கிற முட்டாள்தனம். அதிவேகத்தில் ஓடுகிற கணினி படம் காட்டும், பாட்டுப் பாடும், ஒரு குறையும் தெரியாது. நாற்பது லட்சம் படிக் கணக்கில்தான் அதன் கால் இடறும். அவருக்கு இது தெரியும். பயத்தில் கைதான் முந்திக்கொண்டது.

தெரிந்தும் நிம்மதி வரவில்லை. நியாயம் ஒரு பக்கம், வழக்கம் ஒரு பக்கம். இன்னொரு கணினி ஒத்துப்போகாமல் எந்த எண்ணும் பட்டியலில் ஏறாது. குதிரையை இருபத்தொரு லட்சத்திலிருந்து மெதுவாக ஓட்டினாலும் வெள்ளிக்கிழமைக்குள் முடியாது. இன்னொரு வழி இருந்தது. முதல் நாளிலிருந்தே அது அவருக்குத் தெரியும். வேறொரு வேட்டைக்காரரிடம் சரிபார்க்கக் கொடுக்கலாம். சரிபார்ப்பில் இருக்கும் எண்ணுக்குக் கெடு ஓடாது. ஆனால் வேகமான கணினி வைத்துக்கொண்டு சும்மா இருப்பவர் அந்த வாரம் பட்டியலில் ஒரே ஒருவர்தான். இலோய்லோ மிலாக்ரோஸ்.

"அந்த அம்மாவா?" என்றாள் மூர்தினி. "நம்மள வகுத்துக் காட்டினவங்களா?"

"அவங்கதான்."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. அவங்க சரின்னு சொன்னா எவன் வாயத் திறப்பான்?"

எழுதுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. நடந்ததையெல்லாம் எழுதினார். பிறகு மன்னிப்புக் கேட்கும் வரிகளை அழித்தார். அழித்ததை மறுபடி எழுதினார். கடைசியில் எண்ணையும், இரண்டு கணினிகள் வேறுபடும் இடத்தையும், குதிரையைத் தான் விரட்டியதையும் மட்டும் வைத்துவிட்டு அனுப்பினார். எருமையின் குறிகளை வேண்டுமென்றே அனுப்பவில்லை. அந்த அம்மாள் அதைப் பார்த்து எழுதிவிட்டார் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது.

"குன்று மாதிரி மஞ்சள் சோறு ஆக்கிட்டீங்களா, சார்?"

விபிசோனோவின் காது சூடானது. "இல்லை" என்று எழுதினார்.

"ஆக்காதீங்க. இப்பத்தான் ஓட்டி விட்டிருக்கேன். வியாழக்கிழமை காலையில முடியும். நடுவுல என்னைத் தொந்தரவு பண்ணாதீங்க, கடையில கூட்டம்."

புதன்கிழமை முழுவதும் விபிசோனோ பிரிண்டர் பார்க்கிற மாதிரி நடித்தார். மேகம் கறுத்தபோது எழுந்தார். இடி எண்ண விரலை மடக்கினார். பிறகுதான் இது தன் மின்சாரம் இல்லை, வேறொரு நாட்டு மின்சாரம் என்று புரிந்தது. அங்கே மழை பெய்கிறதா என்று பார்த்தார். பெய்தது. அதற்கும் சேர்த்துப் பயந்தார். அந்த அம்மாள் நல்ல கணினிதான் வைத்திருப்பார். ஆனால் நல்ல கணினி என்று நினைத்துத்தானே நாமும் குதிரையைச் செய்தோம்? அவர் மருந்துக்கடையில் இருக்கும்போது வீட்டில் யாராவது சொருகியைப் பிடுங்கிவிட்டால்? தன் நியாயத்திலேயே எங்காவது ஓட்டை இருந்தால்? கழித்தல் ஒன்று, கழித்தல் ஒன்று என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு வாடிக்கையாளரின் விசைப்பலகையை இரண்டு முறை கழற்றி மாட்டினார்.

மூன்று மணிக்கு, இவர் கேட்காமலே மிலாக்ரோஸிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"இருபத்து ரெண்டு லட்சம் தாண்டிடுச்சு. என் குறி இதோ."

திறக்கக் கை வரவில்லை. மூர்தினியைக் கூப்பிட்டார். நோட்டைப் பிரித்து இருபத்து இரண்டாம் வரியில் ஸ்கேலை வைத்தார். இடது பக்கம் எருமை, வலது பக்கம் குதிரை.

"நீ திரையப் பார்த்துப் படி. மெதுவா."

"ஏழு."

எருமையின் வரியில் பென்சில் நுனியை வைத்தார். ஏழு.

"சி. நாலு. ஒம்பது." அவள் நிறுத்தினாள். "மாஸ், மூச்சு விடுங்க."

"நீ படி."

பதினாறையும் படித்தாள். பதினாறும் இடது பக்கத்தில் இருந்தது. விபிசோனோ நோட்டை மூடவில்லை. அவளை இன்னொரு முறை கடைசியிலிருந்து முதல் வரை படிக்கச் சொன்னார். அவளும் படித்தாள். பிறகு அவர் எருமையின் மேல் கையை வைத்தார். அது அணைந்து எட்டு நாள் ஆகியிருந்தது, தகரம் சில்லென்று இருந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மிலாக்ரோஸ் ஒரே வரி எழுதினார். "கழித்தல் ஒன்று. பட்டியலுக்கு நானே எழுதிட்டேன், உங்க பேர்ல. அந்தக் குதிரையைக் கொஞ்சம் மெதுவா நடக்க விடுங்க." அதற்குக் கீழே, கொஞ்சம் இடம் விட்டு: "இப்ப ஆக்கலாம்."

மத்தியானத்துக்குள் பட்டியலில் ஏறிவிட்டது. பன்னிரண்டு லட்சம் இலக்கம், கண்டவர் விபிசோனோ, சரிபார்த்தவர் மிலாக்ரோஸ். மூர்தினி அதைத் தெருவில் சொல்லிவிடக் கூடாது என்று வாயை எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள், அவளாலேயே முடியவில்லை. சாயங்காலம் தார்யோனோ கையில் டயர்க் கம்பியோடு வந்து கடை வாசலில் நின்றான்.

"புதுசா ஒரு எண்ணு கிடைச்சிருக்காமே, பாக் விபி. இதுக்கு எத்தனை புள்ள?"

"ஒண்ணும் கிடையாது" என்றார் விபிசோனோ. "யாராலயும் பிரிக்க முடியாது. எப்பவுமே."

தார்யோனோ டயர்க் கம்பியைக் கீழே இறக்கினான். அவன் முகத்தில் கேலி போய்விட்டது.

"ஐயோ பாவம்" என்றான்.

அவன் போன பிறகு விபிசோனோ பின்னறைக்குப் போனார். குதிரையின் மூடியை மாட்டினார். வேகத்தைப் பழையபடி குறைத்தார். இருபத்தொரு லட்சத்தில் சேமித்த கோப்பைத் திறந்து, உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு ஓட விட்டார்.

"அதான் எல்லாம் முடிஞ்சுதே, இன்னும் எதுக்கு?" என்று அடுப்படியிலிருந்து மூர்தினி கேட்டாள். மஞ்சள் அரைக்கிற சத்தம் கேட்டது.

"சும்மா. ஓடட்டும்."

மறுநாள் இருபத்து இரண்டு லட்சம் வந்ததும் நோட்டை எடுத்தார். வலது பக்கத்தில் பி, இரண்டு, இரண்டு, ஈ என்று தொடங்கிய வரியை ரப்பரால் துடைக்கவில்லை, மேலே ஒரு கோடு மட்டும் போட்டார். அதற்குப் பக்கத்தில், குதிரையின் திரையைப் பார்த்து ஏழு என்று எழுதி, இடது பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, சி என்று எழுதினார்.